சட்டம் போட்டுவைத்த நாற்காலி

இலக்கிய வாசகர்களுக்குப் பெரம்பலூரும் அரியலூரும் புதிய ஊர்களல்ல. உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றைப் படித்தவர்கள் அரியலூரையும் குன்னத்தையும் தாம் பிள்ளைப் பருவத்தில் ஓடியாடிய ஊர்களைப் போலவே அறிவார்கள். திருக்காவலூர் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வீரமாமுனிவரும் ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதா கோயிலும் நினைவுக்கு வரும். பழுவேட்டரையர் என்றால் கல்கியின் வாசகர்கள் பழுவூர்வரை வழி சொல்வார்கள். கங்கைகொண்டசோழபுரத்தைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்ட பயணக் கட்டுரைகளை அடுக்கினால் அதுவே ஒரு விமானம் அளவுக்கு உயரும்.

இதே நிலத்தைச் சேர்ந்த ஓர் எண்ணை மட்டும் நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. அந்த எண் 897.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 897 பேர். பெரம்பலூரில் 913. தமிழகம் முழுமைக்கும் 943. அடுத்திருக்கும் கடலூரில் 896. இயற்கையின் போக்கில் விட்டால் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கும் என்பது உலகறிந்த கணக்கு. அப்படியாயின் எஞ்சிய குழந்தைகள் எங்கே?

இக்கணக்கில் இன்னொரு விசித்திரமும் உண்டு. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் அதே கணக்கெடுப்பில் அரியலூரில் ஆயிரம் ஆண்களுக்கு 1015 பெண்கள், பெரம்பலூரில் 1003. அதாவது வயலில் பெண்கள் மிகுதி, முந்திரிக் காட்டில் பெண்கள் மிகுதி, பருத்தி எடுக்கும் இடத்தில் பெண்கள் மிகுதி. தொட்டிலில் மட்டும் குறைவு. உழைக்கப் பெண் வேண்டும், பிறக்க வேண்டாம் என்பதுதான் இவ்விரு எண்களும் சேர்ந்து சொல்லும் செய்தி.

அரசு வாளாவிருக்கவில்லை. 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், இந்தக் கணக்கு வெளிவந்த 2011ஆம் ஆண்டிலேயே கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் தொட்டில், பிறந்த குழந்தைக்கானது. காணாமற்போனவர்களுள் பெரும்பாலோர் பிறக்கவே விடப்படாதவர்கள். ஸ்கேன் அறையில் ஒரு சைகையில் முடிந்துபோகிற உயிருக்குத் தொட்டில் வைத்து என்ன பயன்?

அந்த ஸ்கேன் அறையைக் கண்காணிக்க வேண்டியவர் யார் என்னும் கேள்விதான் இக்கட்டுரையின் பொருள்.

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைக் குற்றமாக்கிய சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரி ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது அச்சட்டம். அக்குழுவில் சமூகப் பணியாளர் மூவர் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் பெண்கள் அமைப்பின் பிரதிநிதியாக இருக்க வேண்டும். இரு கூட்டங்களுக்கிடையே அறுபது நாட்களுக்கு மேல் இடைவெளி கூடாது என்பது விதி. அதிகாரி செயலற்று இருந்தால், பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சமூக அமைப்பொன்றே நேராக நீதிமன்றத்தில் முறையிடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இது ஒரு சட்டத்தின் கதை மட்டுமன்று. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுபெற்ற தன்னார்வ அமைப்புகளைச் ‘சேவை வழங்குநர்’ என அங்கீகரிக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்கைக் கேட்டு நிகழ்வறிக்கை எழுதவும், அவளை மருத்துவரிடம் கொண்டுசெல்லவும், காப்பகத்தில் சேர்க்கவும் அவற்றுக்கு அதிகாரம் தருகிறது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம், நடக்கவிருக்கும் திருமணத்தை நிறுத்தக் கோரி நீதித்துறை நடுவரிடம் முறையிடும் உரிமையைத் தன்னார்வ அமைப்புக்குப் பெயர் சொல்லியே வழங்குகிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேர் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உட்குழு வேண்டும் என்கிறது. அதில் ஒருவர் பெண்களுக்காகப் பணியாற்றும் வெளி அமைப்பிலிருந்து வர வேண்டும். மாவட்டந்தோறும் அமைய வேண்டிய உள்ளூர்க் குழுவிலும் அப்படியே.

நான்கு சட்டங்கள். நான்கிலும் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. அது அதிகாரிக்கானதன்று, அரசியல்வாதிக்கானதும் அன்று. ஊரில் பெண்களோடு நின்று பழகிய ஓர் அமைப்புக்கானது. அரசு தன் கையே தனக்குப் போதாது என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது. ஒரு மாவட்டத்தில் உயிருள்ள பெண்கள் அமைப்பு இல்லையென்றால் அந்த நாற்காலி என்னவாகும்? காலியாகக் கிடக்கும், அல்லது கூட்டத்துக்குக் கூட்டம் கையெழுத்துப் போட்டுத் தேநீர் அருந்திவிட்டுப் போகும் யாரோ ஒருவர் அதில் அமர்வார். இரண்டுக்கும் வேறுபாடு சொற்பம்.

ஆகவே எங்கள் வாதம் இதுதான்: பெண்களுக்காகவும் சிறுமியருக்காகவும் செயல்படும் தொண்டு அமைப்புகளையும் ஊர்ச் சங்கங்களையும் தாங்கிப் பிடிப்பது இரக்கத்தின்பாற்பட்ட காரியமன்று. அது சட்டத்தை உயிரோடு வைத்திருக்கும் காரியம்.

இப்படிச் சொன்னவுடன் எழுகிற ஏளனச் சிரிப்பை நாங்கள் அறியாதவர்களல்ல. ‘என்.ஜி.ஓ.’ என்ற மூன்றெழுத்தை நம் சிற்றிதழ்ச் சூழல் ஏறத்தாழ ஒரு வசைச்சொல்லாகவே ஆக்கி வைத்திருக்கிறது. அந்நியப் பணம், போராட்டங்களை மழுங்கடிக்கும் சூழ்ச்சி, ஏகாதிபத்தியத்தின் பின்வாசல் என்று 1990கள் தொட்டு நாம் படித்து வந்த விமரிசனங்கள் பல. அவற்றில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஐந்து நட்சத்திர விடுதியில் வறுமையைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகை ஒன்றும் ரசீதுப் புத்தகம் ஒன்றும் மட்டுமே சொத்தாகக் கொண்ட அமைப்புகளும் இருக்கின்றன.

ஆனால் அந்த விமரிசனம் யார் கையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்குக் கேட்பதற்காகச் சொல்லப்படும்போது அது விமரிசனம். கொடுக்காமலிருப்பதற்கும் போகாமலிருப்பதற்கும் சொல்லப்படும்போது அது சோம்பலுக்குப் போர்த்திய கோட்பாட்டுப் போர்வை. போலி மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதால் மருத்துவமனைகளை மூடச் சொல்வாரில்லை. பெண்கள் அமைப்பு என்றால் மட்டும் ஒரு போலியைக் காட்டி ஊரிலுள்ள அத்தனை பேரையும் தள்ளிவிடுகிறோம். சங்கமாகப் பதிவுபெற்ற அமைப்பு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் கணக்கை ஒப்படைக்க வேண்டும். ஐயமுள்ளவர் அந்தக் கணக்கைக் கேட்டுப் பார்க்கட்டும். கேட்காமலே ஐயப்படுவது நேர்மையன்று.

சரி, அமைப்புகளால் என்ன ஆயிற்று என்பார்க்கு வரலாற்றிலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம்.

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் மேற்சொன்ன சட்டம், வந்த நாள் முதல் உறங்கிக் கிடந்தது. 2000இல் மும்பையின் செஹாத், புனேயின் மாசூம் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகளும் ஆய்வாளர் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2001இலும் 2003இலும் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளுக்குப் பிறகே மாநிலங்கள் ஸ்கேன் மையங்களைப் பதிவு செய்யவும் ஆய்வு செய்யவும் முனைந்தன. சட்டமும் திருத்தி வலுவாக்கப்பட்டது. ஓர் அரசாங்கம் இயற்றிய சட்டத்தை அந்த அரசாங்கத்துக்கே நினைவூட்ட இரண்டு அமைப்புகளும் ஒரு தனிமனிதரும் தேவைப்பட்டார்கள்.

தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெண்சிசுக் கொலைக்குப் பேர்போன மாவட்டமாக அது பேசப்பட்ட காலமுண்டு. 1990களின் பிற்பகுதியில் அங்கே ஊர் ஊராகக் கலைப்பயணம் நடந்தது. தெருநாடகமும் பாட்டுமாகக் கலைக்குழுக்கள் கிராமங்களுக்குள் போயின. நலவாழ்வுத் துறையும் ஊழியர்களும் உள்ளூர்ப் பெண்களும் கைகோத்தார்கள். 2001இல் 826ஆக இருந்த அம்மாவட்டத்துக் குழந்தைப் பாலின விகிதம் 2011இல் 913ஆக உயர்ந்தது. கலைப்பயணம் ஒன்றே இதைச் செய்தது என்று நாங்கள் சொல்லவில்லை; பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆனால் அக்கைகளுள் நாடகக்காரனின் கையும் பாட்டுக்காரியின் கையும் இருந்தன என்பதை இலக்கியக்காரர்கள் மறக்கலாகாது. தருமபுரி ஏறிய அதே பத்தாண்டில் அரியலூர் 949இலிருந்து 897க்கு இறங்கியது.

அதே தருமபுரியின் வாச்சாத்தியும் நம் நினைவில் இருக்க வேண்டும். 1992 ஜூன் மாதம் பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டோர் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோர் ஆண்டுகள்! அரசுத் துறைகளே குற்றவாளிக் கூண்டில் நின்றபோது அப்பெண்களோடு அத்தனை காலம் நடந்தவை மலைவாழ் மக்கள் சங்கமும் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கமும் போன்ற அமைப்புகள். அதிகாரிக்கு மூன்றாண்டில் மாற்றல் வந்துவிடும். சங்கத்துக்கு மாற்றல் கிடையாது. அதன் பெருமையும் சுமையும் அதுவே.

பின்னோக்கிப் போனாலும் இதுதான் கதை. சகோதரி சுப்பலட்சுமி 1910களின் தொடக்கத்தில் இளம் விதவையரைக் கூட்டி வைத்துக் கற்பிக்கத் தொடங்கியபோது அவருக்கு ஆதரவாக இருந்தது ஒரு சிறு பெண்கள் சங்கம். 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் குரலை முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குக் கொண்டுபோனார்; தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஔவை இல்லத்தைத் தொடங்கிவிட்டார். சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

இனி இரண்டாவது மறுப்பு. ‘அரசே எல்லாம் செய்கிறதே, இனி அமைப்பு எதற்கு?’ என்கிறார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022இல் உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. 2023இல் மகளிர் உரிமைத் தொகை வந்தது. தாலிக்குத் தங்கம் தருவதைவிடப் படிப்புக்குப் பணம் தருவது எத்தனையோ மடங்கு மேல் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஆனால் புதுமைப் பெண் திட்டத்தின் பணம் கல்லூரி வாசலை மிதித்த பெண்ணின் வங்கிக் கணக்குக்கு வருவது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் தாய்மாமனுக்குப் பேசி முடிக்கப்பட்ட பெண் அந்த வாசலுக்கே வருவதில்லை. 2011 கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டப் பெண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 62 விழுக்காடு, மாநிலத்துக்கு 73. தன் மகளுக்காகத் தாய் ஒரு மனு எழுத வேண்டுமென்றாலும் இன்னொருவரை நாட வேண்டிய நிலை அங்கே பலருக்கு. ஆலோசனை சொல்ல 181 இருக்கிறது, 1098 இருக்கிறது. குழந்தைகளுக்கான அந்த 1098 என்னும் எண்ணே 1996இல் மும்பையில் ஒரு சமூகப்பணித் திட்டமாகப் பிறந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் தன்னார்வ அமைப்புகளின் தோளில் வளர்ந்தது. 2023இல்தான் அரசுகளின் நேரடிப் பொறுப்புக்கு மாறியது. எண்ணை அரசு எடுத்துக்கொண்டது சரி. ஆண்டிமடத்துக்கு அப்பாலுள்ள ஒரு குக்கிராமத்தில் நாளை மறுநாள் திருமணம் என்ற செய்தி அந்த எண்ணுக்கு எப்படி வந்து சேரும்? செய்தி சொன்னவளை ஊர் ஒதுக்கிவைத்தால் அவள் வீட்டில் யார் போய் உட்காருவது? அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் படியில் தயங்கி நிற்கும் பெண்ணுடன் யார் உள்ளே போவது?

அரசு தன் வேலையைப் பணமாகக் கொடுத்தாலும் அது விளம்பரப் பலகையாய் முடிவதுண்டு. பெண் குழந்தைகளைக் காப்போம், கற்பிப்போம் என்னும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2016 முதல் 2019 வரை விடுவிக்கப்பட்ட ஏறத்தாழ 447 கோடி ரூபாயில் 79 விழுக்காடு விளம்பரத்துக்கே செலவானதென்று நாடாளுமன்றக் குழு 2021இல் சுட்டிக்காட்டியது. பலகையிலிருக்கும் சிறுமி சிரிப்பாள். உடன் நடந்து வர மாட்டாள்.

‘மகளிர் சுய உதவிக் குழுக்கள்தாம் தெருவுக்குத் தெரு இருக்கின்றனவே’ என்பது மூன்றாவது மறுப்பு. 1989இல் தருமபுரியில் தொடங்கிய இக்குழுக்கள் பெண்களை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தன. வங்கி மேலாளரின் எதிரில் உட்கார வைத்தன. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். எனினும் சேமிப்புக்காகக் கூடுவது வேறு, அநீதிக்கெதிராகக் கூடுவது வேறு. தனியார் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்த பிறகு பல ஊர்களில் குழு என்றாலே வார வசூல் என்றாகிவிட்டது. தவணை கட்டத் தவறியவள் வீட்டு முன் சக உறுப்பினர்களே போய் நிற்கிறார்கள். தோழமையைக் கடனுக்கு ஈடாக வைத்துவிட்டார்கள். வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழகச் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. குழுவைச் சங்கமாக வளர்த்தெடுக்கும் வேலையை வங்கி செய்யாது. அதற்கு வேறு மனிதர்கள் வேண்டும்.

இந்த வேலை இப்போது அவசரமும் ஆகியிருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2022இல் சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. காலணித் தொழிற்சாலை வந்தது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்தில் இன்னொரு காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பதினைந்தாயிரம் பேருக்கு வேலை, அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்பது அறிவிப்பு. மகிழ்ச்சிதான். முந்திரிக் கொட்டை உடைத்துக் கை வெந்தவளின் மகள் மாதச் சம்பளம் வாங்கப்போகிறாள். ஆனால் முதல்முறையாகத் தொழிற்சாலைக்குள் போகும் இருபது வயதுப் பெண்ணுக்கு மேற்பார்வையாளனால் தொல்லை நேர்ந்தால், உட்குழுவிலிருக்கும் அந்த ‘வெளி அமைப்பு உறுப்பினர்’ யார்? நிர்வாகமே தேடிப்பிடித்த வசதியான ஒருவரா, அல்லது அப்பெண் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துப் பேசக்கூடிய ஒருவரா? சட்டம் போட்டுவைத்த நாற்காலியின் விலை அங்கே தெரியும்.

பணத்துக்கு வருவோம். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. நன்கொடை பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கக் கூடாது என்றானது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைக்கப்பட்டது. பெருநகர அமைப்புகளுக்கு இது தலைவலி. வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ அவற்றின் கைப்பிடித்து நடந்த சிறு குழுவுக்கோ கழுத்தில் விழுந்த சுருக்கு. அந்நியப் பணத்தை வெறுப்போர் இதைக் கொண்டாடலாம். கொண்டாடிய கையோடு உள்ளூர்ப் பணத்தை எடுத்து நீட்ட வேண்டுமல்லவா?

உள்ளூரில் பணம் இல்லாமலில்லை. அரியலூர் மண்ணுக்கடியிலிருந்து சுண்ணாம்புக்கல்லை வெட்டிச் சிமெண்ட் ஆலைகள் பல பெருகியிருக்கின்றன. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. பாலினச் சமத்துவத்தையும் பெண்களுக்கான விடுதிகளையும் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தையல் இயந்திரம் வழங்கும் புகைப்படத்தோடு இக்கடமை முடிவதில்லை. ஆலோசகர் ஒருவருக்கு மூன்றாண்டுச் சம்பளம், வழக்குக்கு அலையும் பெண்ணுக்குப் பேருந்துச் செலவு, இரவில் வந்தவளுக்கு ஓர் அறை என்று கேட்க வேண்டும். புகைப்படத்துக்கு ஆகாத செலவுகள் இவை. அதனாலேயே யாரும் தருவதில்லை.

இறுதியாக நம்மவர்க்குச் சில சொற்கள். 2017 செப்டம்பரில் செந்துறை வட்டத்துக் குழுமூரைச் சேர்ந்த அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவக் கல்வி கிட்டாமல் இறந்தபோது இணையமெங்கும் இரங்கற்பாக்கள் பொழிந்தன. பின்னர் அவ்வூரில் அவர் பெயரால் நூலகம் எழுந்தது. பா எழுதியவர்களுள் எத்தனை பேர் அந்நூலகத்துக்கு ஒரு நூலை அனுப்பினோம்? எழுதியது தவறென்று சொல்லவில்லை. எழுத்து அங்கே நின்றுவிட்டதுதான் குறை.

நம்மால் ஆகக்கூடியவை எளியவை. மாதம் இருநூறு ரூபாய் என்றாலும் தவறாமல் கொடுப்பது. புயலடித்தால் ஒருமுறை, செய்தித்தாளில் படம் வந்தால் ஒருமுறை என்று கொடுப்பதைவிட ஒரு சிறு அமைப்புக்கு இது பெரிது, அடுத்த மாத வாடகைக்கு உத்தரவாதம் ஆகையால். மனு எழுதத் தெரிந்தவர் மாதத்தில் ஒருநாள் அங்கே போய் மனு எழுதலாம். கணக்குத் தெரிந்தவர் தணிக்கைக்கு ஏடுகளைச் சீர்செய்து தரலாம். நாடகக்காரர்களுக்குத் தருமபுரி வழிகாட்டியிருக்கிறது. இவை எதற்கும் இயலாதவர் பத்து ரூபாய் செலவிடலாம். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனுவுக்கு அவ்வளவுதான் கட்டணம். அரியலூரிலும் பெரம்பலூரிலும் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் ஆலோசனைக் குழுவில் பெண்கள் அமைப்பின் பிரதிநிதி யார், கடந்த ஈராண்டில் குழு எத்தனை முறை கூடியது, மாவட்ட உள்ளூர்க் குழுவின் உறுப்பினர்கள் யாவர் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள்.

விடை வந்தால் அந்த நாற்காலியில் இருப்பவர் யார் என்று தெரியும். உழைப்பவராயின் அவரைத் தேடிப் போய்த் துணை நில்லுங்கள். வராவிட்டால் அது காலியாக இருப்பது தெரியும். உட்காரத் தகுந்த பெண்கள் அவ்வூர்களிலேயே இருக்கிறார்கள், அவர்கள் உட்காரும்வரை விடாமல் கேளுங்கள். அடுத்த கணக்கெடுப்பின் எண் வரும்போது அது 897ஐவிடக் கீழே போயிருந்தால், அதற்கும் ஓர் இரங்கற்பா எழுதி நம்மால் தப்பித்துக்கொள்ள முடியாது.